பிப், யூனிவர்சல் கிரெடிட் மாற்றங்களும் "வேலைக்குப் போ" என்ற நெருக்கடியும்: பிரித்தானியத் தமிழர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"பிப்பை நிற்பாட்டப் போறாங்களாம்." "இனி வருத்தக்காரரும் வேலைக்குப் போகத்தான் வேணுமாம்." 2025 வசந்தகாலத்திலிருந்து வாட்ஸ்அப் குரல்பதிவுகளில் சுற்றிவரும் செய்திகள் இவை. (பிப் என்பது ஏலாமை உள்ளவர்களுக்கு அரசு தரும் கொடுப்பனவு.) முதலாவது, சொன்ன மாதிரி நடக்கவில்லை. இரண்டாவது எந்தச் சட்டத்திலும் இல்லை. அதற்காகப் பயம் முழுக்கவும் வீண் என்று சொல்லமாட்டேன். ஒரு வெட்டு ஏற்கெனவே வந்துவிட்டது, இன்னும் சில வரக்கூடும்.

என்னுடைய கணிப்பு இது: அரசாங்கம் கொண்டுவரும் மாற்றங்களைவிட, எங்கள் ஆட்கள் படிவத்திலும் நேர்காணலிலும் "பரவாயில்லை, சமாளிக்கிறன்" என்று சொல்லிவிட்டு வருவதால் இழக்கும் காசுதான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் அரசியலைச் சுருக்கமாகவும் படிவத்தை விரிவாகவும் எழுதியிருக்கிறேன்.

இதில் உள்ளவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்தில் பிப்புக்குப் பதிலாக அடல்ட் டிசெபிலிட்டி பேமென்ட் என்ற தனி ஏற்பாடு 2022 முதல் நடக்கிறது. அங்கே இருப்பவர்கள் சோஷல் செக்யூரிட்டி ஸ்கொட்லாந்தின் விதிகளைப் பார்க்க வேண்டும்.

படி 1: உங்களுக்கு வருவது எந்தக் காசு?

வங்கிக் கணக்கில் "டிடபிள்யூபி" (வேலை, ஓய்வூதியத் திணைக்களம்) என்று விழுவதெல்லாம் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

பிப், அதாவது பர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட், ஏலாமையால் வரும் மேலதிகச் செலவுக்கானது. வேலை செய்தாலும் கிடைக்கும், செய்யாவிட்டாலும் கிடைக்கும். வருமானம், சேமிப்பு எதையும் பார்ப்பதில்லை, வரியும் இல்லை. அன்றாட வாழ்க்கை, நடமாட்டம் என்று அதில் இரண்டு பகுதிகள். 2026 ஏப்ரல் முதல் அன்றாட வாழ்க்கைப் பகுதிக்குக் கிழமைக்கு 76.70 அல்லது 114.60 பவுண்ட், நடமாட்டப் பகுதிக்கு 30.30 அல்லது 80 பவுண்ட்.

யூனிவர்சல் கிரெடிட் வேறு. அது வருமானம் குறைந்தவர்களுக்கானது. அதற்குள் வருத்தக்காரருக்கென்று ஓர் உடல்நலத் தொகை இருக்கிறது. வேலைத்திறன் மதிப்பீட்டில் உங்களை எல்.சி.டபிள்யூ.ஆர்.ஏ. என்ற பிரிவில் போட்டால்தான் அது கிடைக்கும். வேலைக்கும் ஏலாது, வேலைக்கான ஆயத்தங்களுக்கும் ஏலாது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களின் பிரிவு அது. எல்.சி.டபிள்யூ. என்று மட்டும் இருந்தால் இப்போதைக்கு வேலை தேடத் தேவையில்லை, ஆனால் ஆயத்தம் செய்யச் சொல்வார்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பிரிவுக்குப் போனவர்களுக்கு மேலதிகக் காசும் இல்லை.

உங்கள் யூனிவர்சல் கிரெடிட் கணக்கைத் திறந்து, கடைசி மாதத்து விபரத்தில் உடல்நலத் தொகை என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிப்புக்கு, முடிவுக் கடிதத்தில் எந்தப் பகுதி, எத்தனை புள்ளி, எந்தத் திகதி வரை என்று இருக்கும். இவை கையில் இல்லாமல் மேலே வாசிப்பதில் பயனில்லை.

படி 2: எது சட்டம், எது பேச்சு

2025 மார்ச் 18இல் அப்போதைய அமைச்சர் லிஸ் கெண்டல் ஓர் ஆலோசனை அறிக்கையை வெளியிட்டார். அதில் இருந்த பெரிய இடி "நான்கு புள்ளி விதி". பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதிக்கு இப்போது மொத்தமாக 8 புள்ளி எடுத்தால் போதும். சமைக்க ஸ்டூல் தேவை என்பதற்கு 2, குளிக்கக் கைபிடி தேவை என்பதற்கு 2, கழிவறைக்கு உபகரணம் 2, உடுப்புப் போடக் கருவி 2 என்று சேர்த்தும் எடுக்கலாம். ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி இருக்க வேண்டும் என்று மாற்றப் பார்த்தார்கள். அப்படி நடந்திருந்தால் இந்த உதாரண ஆளுக்கு அந்தப் பகுதி முழுவதும் போயிருக்கும். வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்பவரின் கேரர்ஸ் அலவன்ஸும் கூடவே போயிருக்கும்.

ஆளுங்கட்சி உறுப்பினர்களே எதிர்த்தார்கள். 2025 ஜூலை 1ஆம் திகதி விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்தப் பகுதியைச் சட்டமூலத்திலிருந்து எடுத்துவிடுகிறோம் என்று அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து சொன்னார். வாக்களிப்புக்குக் கொஞ்ச நேரம் முன்பு! ஆகவே நான்கு புள்ளி விதி சட்டமாகவில்லை. பிப்பை முழுதாக ஆராயும் பொறுப்பு டிம்ஸ் தலைமையிலான மீளாய்வுக்குப் போனது. அதன் அறிக்கைக்கு 2026 இலையுதிர்காலம் என்று கெடு வைத்தார்கள். அறிக்கை ஒன்று, சட்டம் வேறொன்று. எந்தத் தலைப்புச் செய்தியைப் பார்த்தாலும் "இது நிறைவேறிவிட்டதா, எந்தத் திகதியிலிருந்து, ஏற்கெனவே எடுப்பவர்களுக்குமா" என்ற மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

நிறைவேறியது யூனிவர்சல் கிரெடிட் சட்டம். 2025 செப்டம்பர் 3இல் அரச ஒப்புதல் கிடைத்தது. 2026 ஏப்ரல் 6க்கு முன்பே உடல்நலத் தொகை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு மாதம் 429.80 பவுண்ட் தொடர்கிறது. அதற்குப் பிறகு புதிதாக வருபவர்களுக்கு 217.26 மட்டும். மாதம் 212 பவுண்டுக்கு மேல் வித்தியாசம், வருத்தம் ஒன்றேதான். எனக்கு இது நியாயமாகத் தெரியவில்லை, ஆனால் சட்டம் இதுதான். அடிப்படைத் தொகையைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள்: 25 வயதோ அதற்கு மேலோ உள்ள தனி ஆளுக்கு இப்போது 424.90.

புதியவர்களிலும் இரண்டு வகையினர் கூடிய தொகையைப் பெறலாம். ஒன்று, வாழ்வின் இறுதிக்கட்டத்தில் இருப்பவர்கள். மற்றது, "கடுமையான நிலை" என்ற வரைவுக்குள் வருபவர்கள். இந்த இரண்டாவது வாசல் ஒடுக்கமானது. ஏலாமை எந்நேரமும் இருக்க வேண்டும், வாழ்நாள் முழுக்க நீடிக்க வேண்டும், குணமாகும் வாய்ப்பு இருக்கக்கூடாது. நோய் என்எச்எஸ் சேவையின் ஊடாகவும் கண்டறியப்பட்டிருக்க வேண்டும். கொழும்பிலோ சென்னையிலோ பார்த்த டொக்டரின் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவர்கள், அதை ஜிபியிடம் கொடுத்து இங்கே ஒரு நிபுணரிடம் அனுப்பக் கேளுங்கள். காத்திருப்பு நீளம் என்பதால் இன்றே கேட்டுவிடுவது நல்லது. ஒருநாள் நன்றாக, ஒருநாள் மோசமாக இருக்கும் வருத்தங்களுக்கு இந்த வாசல் திறப்பது கஷ்டம்.

ஏப்ரல் 6க்கு முன் வருத்தத்தை அறிவித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவர்கள், எந்தத் தொகை தங்களுக்குப் பொருந்தும் என்பதை ஓர் ஆலோசகரிடம் காட்டிக் கேளுங்கள். குறைந்த தொகையைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

வேலைத்திறன் மதிப்பீட்டையே ஒழித்துவிட்டு, பிப் கிடைப்பவர்களுக்கே உடல்நலத் தொகை என்று ஆக்கும் திட்டமும் 2025 மார்ச் அறிக்கையில் இருந்தது. 2028 என்று ஆண்டும் குறித்திருந்தார்கள். அப்படி நடந்தால், வேலைக்கு ஏலாமல் இருந்தும் பிப் எடுக்காதவர்களுக்குத்தான் சிக்கல். தகுதி இருந்தும் "எங்களுக்கெல்லாம் அது தரமாட்டாங்கள்" என்று விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள்.

படி 3: விசா நிலையைப் பாருங்கள்

பிப், யூனிவர்சல் கிரெடிட் இரண்டுமே "பொது நிதி". உங்கள் விசாவில் பொது நிதிக்கு உரிமை இல்லை என்று இருந்தால் விண்ணப்பிக்காதீர்கள், அடுத்த விசாவுக்கே ஆபத்து. அகதி அந்தஸ்து, நிரந்தர வதிவிடம், குடியுரிமை உள்ளவர்களுக்குத் தடை இல்லை. பிப்புக்குச் சாதாரணமாகக் கடந்த 3 ஆண்டுகளில் 2 ஆண்டுகள் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு அந்த நிபந்தனை இல்லை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. ஊரிலிருந்து கணவனையோ மனைவியையோ கூப்பிட ஸ்பொன்சருக்கு ஆண்டுக்கு 29,000 பவுண்ட் வருமானம் வேண்டும் என்று 2024 ஏப்ரலில் கொண்டுவந்தார்கள் அல்லவா? ஸ்பொன்சர் பிப் எடுப்பவராக இருந்தால் அந்தத் தொகையைக் காட்டத் தேவையில்லை, குடும்பத்துக்குப் போதிய வருமானம் இருக்கிறது என்று காட்டினால் சரி. ஆகவே பிப் போனால் விசா வழக்கும் சேர்ந்து ஆடும். இப்படியான நிலையில் இருப்பவர்கள் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் கேட்காமல் எதையும் நிற்பாட்டவோ தொடங்கவோ வேண்டாம்.

படி 4: படிவம் நிரப்புதல்

பிப்புக்கு 0800 917 2222 என்ற இலக்கத்துக்கு அடித்துத் தொடங்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்போதே கேளுங்கள், இலவசம். நீங்கள் அழைக்கும் திகதிதான் விண்ணப்பத் திகதி, அதைக் குறித்து வையுங்கள். படிவம் வந்தால் ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். நேரம் போதாதென்றால் முன்கூட்டியே அழைத்து அவகாசம் கேட்கலாம். யூனிவர்சல் கிரெடிட்டில் வேலைத்திறன் மதிப்பீட்டுக்கு வரும் யூசி50 படிவத்துக்கும் கெடு உண்டு.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்: நோயின் பெயருக்குப் புள்ளி கிடையாது. நீரிழிவு, முள்ளந்தண்டு விலகல், பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனவருத்தம்) என்று எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், அதனால் உங்களுக்கு எது ஏலாமல் போகிறது என்பதற்கே புள்ளி. அன்றாட வாழ்க்கைக்கு 10 செயல்கள், நடமாட்டத்துக்கு 2. ஒவ்வொரு பகுதியிலும் 8 எடுத்தால் சாதாரண தொகை, 12 எடுத்தால் கூடிய தொகை.

ஒரு செயலை உங்களால் "செய்ய முடியும்" என்று எடுத்துக்கொள்ள நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன. பாதுகாப்பாக, ஒழுங்கான தரத்தில், தேவையான தடவைகள், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும். சாதாரண ஆளுக்கு எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுத்தால் அது முடியாததற்குச் சமம். ஒருமுறை படியேறிவிட்டு அரை நாள் படுத்துக்கிடந்தாலும் அப்படித்தான். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறதோ அதுவே கணக்கு.

இனி ஒரு பதிலைப் பார்ப்போம். சமையல் பற்றிய கேள்விக்கு எங்கள் ஆட்கள் வழக்கமாக எழுதுவது: "முதுகு நோ. சமைக்கிறது கஷ்டம். மகள் உதவி செய்வா." இதற்குச் சுழியம் போட்டாலும் ஆச்சரியமில்லை. அதே ஆள் இப்படி எழுதியிருக்கலாம்:

"பத்து நிமிடத்துக்கு மேல் அடுப்படியில் நின்றால் இடது கால் விறைத்துவிடும். கதிரையில் இருந்துதான் மரக்கறி வெட்டுவேன். வலது கைவிரல்கள் மடங்காததால் கத்தி நழுவும், போன மாதம் இரண்டு தடவை வெட்டிக்கொண்டேன். கொதிக்கிற சட்டியைப் பிடிக்க ஏலாது. கஞ்சி வடிக்கும்போது பானை நழுவிக் காலில் ஊற்றிய பிறகு, அடுப்பில் வைப்பது இறக்குவது எல்லாம் மகள்தான். அவள் பக்கத்தில் இல்லாமல் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. அவள் வேலைக்குப் போகும் நாட்களில் பாணும் வாழைப்பழமும்தான். கிழமையில் ஐந்து நாள் இந்த நிலை."

முதல் பதிலில் கஷ்டம் மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் என்ன நடக்கும், ஏன், எத்தனை நாள், யார் என்ன செய்கிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாம் இருக்கிறது. இருக்கக் கதிரை தேவை என்பதற்கு 2 புள்ளிதான். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், அல்லது கைகொடுக்க வேண்டும் என்றால் 4. இரண்டாவது பதிலில் அந்த 4க்கான விபரம் முழுக்க வந்துவிட்டது. (அவர்கள் கேட்பது ஒரு ஆளுக்கான எளிய சாப்பாடு. "திருவிழாவுக்கு வாற சனத்துக்குச் சமைக்க ஏலாது" என்று எழுதிப் பயனில்லை. குனிந்து ஓவனுக்குள் சட்டியை வைக்க முடியாது என்பதையும் பார்க்கமாட்டார்கள், அடுப்பு இடுப்பு உயரத்தில் இருப்பதாகவே கணக்கு.)

குளிப்பது, கழிவறை. எங்கள் ஆட்கள் புள்ளிகளை அப்படியே விட்டுவிட்டு வரும் இடம் இது. மகனையோ மகளையோ வைத்துப் படிவம் நிரப்பும் தகப்பன், உள்ளாடை நனைவதை அவர்கள் முன்னால் சொல்லமாட்டார். தாய்க்கு முதுகு தேய்த்துவிடுவது மகள்தான் என்றாலும் "நானே குளிப்பன்" என்றே பதில் வரும். மானப் பிரச்சினை என்று எனக்கும் தெரியும். அதனால்தான் இந்த இரண்டு பக்கங்களையும் பிள்ளைகள் இல்லாமல், வெளியாள் ஒருவருடன் இருந்து நிரப்புங்கள் என்கிறேன். சிட்டிசன்ஸ் அட்வைஸில் இருப்பவர் தினமும் இதைக் கேட்டுப் பழகியவர். உங்கள் சொந்தக்காரருக்குத் தெரிந்தவராகவும் இருக்கமாட்டார்.

மனவருத்தம் பற்றி. போர்க்காலத்தில் பட்டதையும் தடுப்பில் நடந்ததையும் மனதில் சுமப்பவர்கள் எங்களில் எத்தனையோ பேர். "யோசினை" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். பட்டாசுச் சத்தத்துக்கு என்ன ஆகிறது, நித்திரை எத்தனை மணிக்குக் கலைகிறது, சீருடைக்காரரைக் கண்டால் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுகிறீர்களா, அடுப்பை மூட்டிவிட்டு மறந்து எத்தனை தடவை அலாரம் அடித்திருக்கிறது என்றெல்லாம் எழுத வேண்டும். தெரியாத இடத்துக்கு இன்னொருவர் கூட வராமல் போக முடியாது என்றால் நடமாட்டப் பகுதியில் 10 புள்ளி வரை கிடைக்கும். கால் நன்றாக இருப்பவருக்கும்தான். சித்திரவதையில் தப்பியவர்களுக்கு ஃப்ரீடம் ஃப்ரொம் டோர்ச்சர் என்ற அமைப்பு சிகிச்சை அளிக்கிறது. அங்கே சிகிச்சை பெற்றிருந்தால் அந்த ஆவணங்களை இணையுங்கள்.

ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்பதற்குப் புள்ளி இல்லை. வாசிப்பதும் பேசுவதும் உங்கள் சொந்த மொழியில் எப்படி என்றே பார்ப்பார்கள். தமிழில் கூட ஒரு கடிதத்தை வாசித்து விளங்கிக்கொள்ள வருத்தம் விடவில்லை என்றால், அதை அப்படியே எழுதுங்கள்.

படி 5: சான்றுகள்

ஜிபியிடம் புதிதாகக் கடிதம் கேட்டால் காசு கேட்கக்கூடும். பெரும்பாலும் தேவையும் இல்லை. என்எச்எஸ் ஆப்பிலிருந்து மருந்துப் பட்டியலையும் மருத்துவப் பதிவின் சுருக்கத்தையும் எடுக்கலாம். ஆஸ்பத்திரி நிபுணர் ஜிபிக்கு எழுதிய கடிதங்களின் பிரதி, பிசியோதெரபி அறிக்கை, கவுன்சில் கைபிடி பூட்டித் தந்த கடிதம், இவையெல்லாம் நல்ல சான்று. கூட இருப்பவர் தான் தினமும் என்ன செய்து கொடுக்கிறார் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டாலும் பெறுமதி உண்டு. இரண்டு கிழமைக்கு ஒரு நாட்குறிப்பு வையுங்கள், நல்ல நாளையும் சேர்த்து. எல்லா நாளும் மோசம் என்று எழுதினால் நம்புவது கஷ்டம்.

மூலப்பிரதி அனுப்பவே வேண்டாம். எல்லாப் பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள், படிவத்தையும்தான். அடுத்த மீளாய்வுக்கு அது கைகொடுக்கும்.

படி 6: மதிப்பீட்டு நாள்

தொலைபேசியிலோ வீடியோவிலோ நேரிலோ நடக்கும். நேரில் நடப்பவற்றைக் கூட்டப்போவதாக அரசு சொல்லியிருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே உறுதிப்படுத்துங்கள். அவர் பேசும் தமிழ் உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால் தலையாட்டாமல் உடனே சொல்லுங்கள். உரையாடலைப் பதிவுசெய்யும்படியும் முன்னதாகக் கேட்கலாம்.

"எப்படி இருக்கிறீங்கள்?" என்று மதிப்பீட்டாளர் தொடங்குவார். "நல்லா இருக்கிறன்" என்று வாயில் தானாக வரும். அதுவும் அறிக்கையில் ஏறலாம். "இன்றைக்கு வர மகன்தான் காரில் கொண்டுவந்தவன், இரவு நித்திரை இல்லை" என்று உண்மை நிலையைச் சொல்லுங்கள். எப்படி வந்தீர்கள், நாய் வளர்க்கிறீர்களா, டிவி நாடகம் பார்ப்பீர்களா, கோயிலுக்குப் போவீர்களா என்ற கேள்விகள் சும்மா கேட்பவை அல்ல. கோயிலுக்குப் போவேன் என்றால் எத்தனை நாளுக்கொருமுறை, யாருடன், எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது, வந்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம். இரண்டில் எங்கள் ஆட்களுக்குக் கைவந்தது குறைத்துச் சொல்வதுதான்.

படி 7: ஜொப் சென்டரில் நெருக்கினால்

எந்தப் பிரிவு என்பதே இங்கே எல்லாம். எல்.சி.டபிள்யூ.ஆர்.ஏ. என்றால் வேலை தேடவோ ஆயத்தம் செய்யவோ உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. "ஒருக்கா வந்து கதையுங்கோ" என்று அழைப்பு வரலாம். அதில் உதவி என்று எழுதியிருக்கிறதா, கட்டாயம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விளங்கவில்லை என்றால் "இது கட்டாயமா?" என்று ஜேர்னலில் (உங்கள் யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் செய்தி எழுதும் பக்கம்) ஒரு வரி எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை, ஜேர்னலில் எழுதியது நிற்கும்.

மதிப்பீடு முடியும்வரை காத்திருப்பவர்களுக்குத்தான் உண்மையான நெருக்கடி. வருத்தம் வந்தவுடன் கணக்கில் அறிவித்து, ஜிபியின் ஃபிட் நோட்டை (வேலைக்கு ஏலாது என்ற சான்றை) பதிவிடுங்கள். ஒரு நோட் முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் இடையில் ஒரு நாள் கூட இடைவெளி விடாதீர்கள். உடல்நலத் தொகை கிடைத்தாலும் வழக்கமாக மூன்று மாதம் கழித்துத்தான் சேரும். அதற்கிடையில் உங்கள் கடப்பாடுகளைக் குறைக்கும் அதிகாரம் ஜொப் சென்டரில் உங்களைப் பார்க்கும் அலுவலரான வேர்க் கோச்சுக்கு இருக்கிறது. ஜேர்னலில் இந்தக் கருத்துப்பட எழுதுங்கள்: "என்னால் 15 நிமிடத்துக்கு மேல் இருக்க முடியாது, கிழமைக்கு மூன்று நாள் வைத்தியம். ஃபிட் நோட் இணைத்திருக்கிறேன். இதற்கேற்ப என் கடப்பாடுகளை மாற்றித் தரவும், சந்திப்பைத் தொலைபேசியில் வைக்கவும்." ஏலாமைக்கேற்ற ஏற்பாடு செய்து தரும் கடமை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி அவர்களுக்கு உண்டு.

செய்ய முடியாத ஒன்றுக்கு "ஓம்" சொல்லிக் கையொப்பமிட்டுவிட்டு வராதீர்கள். மரியாதைக்குச் சொன்ன ஓமுக்காகக் காசை வெட்டினால் மீட்பது பெரும்பாடு. சந்திப்புக்குப் போக முடியாவிட்டால் அன்றைக்கே காரணத்தை எழுதுங்கள். வெட்டிவிட்டார்கள் என்றால் அதற்கும் மறுபரிசீலனை கேட்கலாம்.

படி 8: கொஞ்சம் வேலை செய்து பார்க்க விரும்பினால்

விரும்புபவர்களும் இருக்கிறார்கள், அவர்களைத் தடுப்பதும் பயம்தான். பிப் வேலையால் நிற்காது. யூனிவர்சல் கிரெடிட்டில் எல்.சி.டபிள்யூ. அல்லது எல்.சி.டபிள்யூ.ஆர்.ஏ. உள்ளவருக்கு, வீட்டு வாடகைக்கு உதவி எடுத்தால் மாதம் 427 பவுண்ட் வரை, எடுக்காவிட்டால் 710 வரை உழைப்பு கணக்கில் வராது. அதற்கு மேல் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறையும். வாடகை உதவி எடுப்பவர் கைக்கு மாதம் 600 உழைத்தால், 173க்கு 55 சதவீதம், அதாவது 95.15 பவுண்ட் குறையும். மிச்சம் 504.85 அவருக்குத்தான்.

வேலை உங்கள் படிவத்தோடு முரண்படக்கூடாது. 20 மீட்டர் நடக்க ஏலாது என்று எழுதிவிட்டு கடையில் பெட்டி அடுக்கினால் கேள்வி வரும், வரவும் வேண்டும். வேலைக்குப் போவது மட்டுமே மறுமதிப்பீட்டுக்குக் காரணமாகாது என்ற உறுதியைச் சட்டமாக்குவதாக அரசு அறிவித்தது. தொடங்கும் முன் அதன் தற்போதைய நிலையை ஆலோசகரிடம் கேளுங்கள். 2026 ஏப்ரலுக்கு முந்திய கூடிய தொகை எடுப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: சம்பளம் கூடி க்ளெய்ம் மூடப்பட்டால், திரும்ப வரும்போது பழைய தொகைக்கே வரலாமா, எவ்வளவு காலத்துக்குள்? வேலை இடத்துக்கான சிறப்புக் கதிரை, டாக்சி, உதவியாள் போன்றவற்றுக்கு அக்சஸ் டு வேர்க் திட்டம் இருக்கிறது. முடிவு வரத் தாமதமாகும், வேலை உறுதியானவுடனே விண்ணப்பியுங்கள்.

தெரிந்தவரின் கடையில், பெற்றோல் ஸ்டேஷனில் "காஷாகத் தாறன், ஒருத்தருக்கும் தெரியாது" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். 10 வருடம் கழித்தும் திருப்பிக் கேட்பார்கள், வழக்கும் வரலாம்.

படி 9: முடிவு பிழையாக வந்தால்

அழுதுகொண்டிருக்க ஒருநாள் எடுங்கள், சரி. அப்புறம் கடிதத்தின் திகதியைப் பாருங்கள். மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம் இருக்கிறது. நியாயமான காரணம் இருந்தால் 13 மாதம் வரையும் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். மதிப்பீட்டாளரின் அறிக்கைப் பிரதியைக் கேட்டு வாங்கி, எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி தந்தார்கள், உங்களுக்கு எத்தனை வர வேண்டும், ஏன் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். "மோசமான மனுசி, ஒழுங்காக் கேட்கேல்லை" என்று எழுதுவதால் புள்ளி ஏறாது.

மறுபரிசீலனையில் பெரும்பாலும் பழைய முடிவே வரும். அதோடு விட்டுவிடுவதுதான் பெரிய பிழை. அடுத்த ஒரு மாதத்துக்குள் ட்ரிபியூனலுக்கு மேன்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை. டிடபிள்யூபியைச் சாராத நீதிபதியும் டொக்டரும் ஏலாமை பற்றித் தெரிந்த ஒருவரும் பிப் வழக்கைக் கேட்பார்கள். விசாரணை வரை போன பிப் வழக்குகளில் பல ஆண்டுகளாக ஏறத்தாழ மூன்றில் இரண்டு விண்ணப்பித்தவர் பக்கமே தீர்ந்திருக்கின்றன. காகிதத்தில் மட்டும் பார்க்கச் சொல்லாமல் நேரிலோ தொலைபேசியிலோ நீங்களே கதையுங்கள், மொழிபெயர்ப்பாளர் தருவார்கள். ஒரு எச்சரிக்கை: இருக்கிற புள்ளியைக் குறைக்கவும் அவர்களால் முடியும். ஏற்கெனவே ஒரு பகுதி கிடைத்து, கூடக் கேட்பவர்கள் ஆலோசனை எடுத்துவிட்டே போக வேண்டும்.

ஊர்ப் பயணம், ஊர்க் காணி

யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவர் சாதாரணமாக ஒரு மாதம் வரைதான் வெளிநாட்டில் இருக்கலாம். நெருங்கிய உறவினர் இறந்தால் இன்னும் ஒரு மாதம் வரை நீட்டலாம். பிப்புக்கு 13 கிழமை, அந்த வருத்தத்துக்கே சிகிச்சைக்குப் போனால் 26 கிழமை. ஆயுர்வேதத்துக்கென்று யாழ்ப்பாணம் போய் மூன்று மாதம் இருப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நான்கு கிழமைக்கு மேல் போவதென்றால் பிப்புக்கும் அறிவியுங்கள்.

யூனிவர்சல் கிரெடிட்டுக்கு 16,000 பவுண்டுக்கு மேல் முதல் (சேமிப்பு, சொத்து) இருந்தால் தகுதி இல்லை, 6,000க்கு மேல் இருந்தால் குறையும். ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் காணியும் வீடும் முதல்தான், எடுத்த சீட்டுக் காசு வங்கியில் கிடந்தால் அதுவும்தான். 2025இல் நிறைவேறிய இன்னொரு சட்டம், இந்த வரம்பைத் தாண்டும் கணக்குகளைச் சுட்டிக்காட்டும்படி வங்கிகளைக் கேட்க டிடபிள்யூபிக்கு வழி செய்திருக்கிறது. அதில் யூனிவர்சல் கிரெடிட் அடங்கும், பிப் அடங்காது.

உதவிக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ், உங்கள் பகுதிச் சட்ட மையம், கவுன்சிலின் நலன்புரி உரிமைப் பிரிவு மூன்றையும் ஒரே நாளில் தொடர்புகொள்ளுங்கள். எங்கும் வரிசை நீளம், எது முதலில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தரும் ஆட்களிடம் போவதென்றால், அவர் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து வையுங்கள்.